மூட்டைகள் இருந்த அறை

ஜனவரி 9, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மாவு மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது. மத்தியானம் வரை மாவும் இல்லை, சத்தமும் இல்லை. அரைக்க வந்த பெண்கள் வாளிகளை வரிசையில் விட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் திருடர்கள் குதிரின் அடியை வெட்டிச் சாக்கைப் பிடித்து, இருந்த சோளம் முழுவதையும் வழித்துக்கொண்டு போய்விட்டார்களாம். "ஒரு மணி விட்டு வைக்கலை. கோழி கொத்தக்கூட இல்லை" என்றாள் என்னோடு மில்லில் வேலை செய்கிற மேகி. ஜனவரி என்றாலே இப்படித்தான். பழைய சோளம் தீர்ந்துவிடும், புதுசு வயலில் முழங்கால் உயரம்கூட இருக்காது.

வீட்டுக்கு வந்து என் புருஷன் வைசனிடம் சொன்னேன். சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்போ நம்ம மூட்டையையும் உள்ள கொண்டு வந்துட வேண்டியதுதான்."

"உள்ளன்னா எங்கே? இருக்கறதே ரெண்டு அறை."

"பிள்ளைங்க அறையில."

மகள் மயாமிக்கோவுக்கு ஒரே சந்தோஷம். மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தால் மைதானத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். ரேடியோவில் கால்பந்து கேட்டுக் கேட்டு வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் வர்ணனை கொடுக்கிறாள். "இதோ எஸ்னாத் அம்மா கரண்டியை எடுக்கிறார்… பானையை நெருங்குகிறார்… களியைப் புரட்டுகிறார்… கோ—ல்!" சிரித்துச் சிரித்து எனக்குக் களி கட்டி தட்டிப்போனது.

ஜனவரி 11, வியாழன்

மூட்டைகள் உள்ளே வந்துவிட்டன. பிள்ளைகளின் பாய்க்கு இடம் சுவரோரம் ஒரு முழம்தான். சின்னவன் லிம்பானி இருமிக்கொண்டே இருப்பதால் என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். மயாமிக்கோ தனியாக, ராணி மாதிரி.

ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். விரலிடுக்கில் மாவு. வண்டு பிடித்துவிட்டது. காதை வைத்தால் உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கிறது. வைசனும் காதை வைத்துப் பார்த்துவிட்டு மூட்டை வாயை இறுக்கிக் கட்டினார். இரண்டு வருடம் முன்பு மழை பொய்த்தபோது தவிட்டைக் கரைத்துக் குடித்தோம். அவருக்கு அது மறக்காது. எனக்கும்தான்.

ஜனவரி 13, சனி

சந்தையிலிருந்து வைசன் மருந்து வாங்கி வந்தார். சைக்கிளில் வைத்து விற்கிற ஆளாம். சாம்பல் நிறத்தில் குட்டி மாத்திரைகள், செய்தித்தாளில் மடித்தது. பெயர் இல்லை, படம் இல்லை, எழுத்து ஒன்றுமே இல்லை.

"ஒரு மூட்டைக்கு ஒண்ணு போதுமாம். நான் ரெண்டா வைக்கிறேன்."

"பிள்ளை அங்கேதானே படுக்கிறா?"

"துணியில முடிஞ்சு மூட்டைக்குள்ள புதைக்கிற மருந்து மூட்டையை விட்டு எப்படி வரும், எஸ்னாத்? அது என்ன, காலு முளைச்சு நடந்து வருமா?"

பூண்டு வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் மருந்து வேலை செய்கிறதற்கு அடையாளம் என்று அந்த ஆள் சொன்னானாம். ஆவி வெளியே போனால் மருந்து வீண் என்றும் சொன்னானாம். ஓட்டுக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரங்களை வைசன் மண் குழைத்து அடைத்தார். வேலையை ஒழுங்காகச் செய்கிற மனிதர். எதையும் பாதியில் விட மாட்டார்.

ஜனவரி 14, ஞாயிறு

இரவெல்லாம் மழை. பிள்ளைகள் அறையின் மூலையில் ஒழுகி இரண்டு மூட்டை நனைந்திருக்கிறது. கோயிலுக்குப் போய் வந்து கதவைத் திறந்தால் பூண்டு வாடை, கெட்டுப்போன மீன் மாதிரியும் இருந்தது. பெட்டைக்கோழி ஒன்று உள்ளே செத்துக் கிடந்தது. கோழி நோய் வந்திருக்கும் என்றார் வைசன்.

ஜனவரி 15, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து மயாமிக்கோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாந்தி, தலைவலி, நெஞ்சை அழுத்துகிறது என்கிறாள். சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பார்த்தார்கள், மலேரியா இல்லை. வலி மாத்திரையும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தார்கள். எனக்கும் காலையிலிருந்து தலை கனக்கிறது. லிம்பானியும் ஒரு தடவை வாந்தி எடுத்தான்.

மத்தியானம் மயாமிக்கோவை மரத்தடியில் படுக்க வைத்தேன். காற்றுப் பட்டதும் தெளிந்துவிட்டாள். பக்கத்து வீட்டு நாம்வாலே அம்மா விற்கக் கொண்டுபோன, எண்ணெயில் பொரித்த மண்டாசி உருண்டையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புருஷன் இல்லாமல் தனியாக எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டுகிறவள், என் பிள்ளையைக் கண்டால் மட்டும் காசு கேட்க மாட்டாள். மயாமிக்கோ பாதி தின்றாள். அப்புறம் மண்டாசிக்கும் வர்ணனை. "நாம்வாலே அம்மாவின் பந்து, எண்ணெயில் மிதந்து வருகிறது…" கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. உள்ளே போய்ப் படு, நாளைக்குச் சரியாயிடும் என்று சொல்லிப் போர்த்திவிட்டேன். குளிர்காற்று அடித்தது. கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 30, செவ்வாய்

எழுத வேண்டும். இல்லையென்றால் தலை வெடித்துவிடும்.

கதவைச் சாத்தினேன் என்று எழுதியிருக்கிறேன். ஆமாம், நான்தான். நானேதான்.

விடிந்து போய்ப் பார்த்தபோது கை கால் ஜில்லென்று இருந்தது. மூச்சு வேகவேகமாக. கண்ணைத் திறந்தாள், "அம்மா, தண்ணி" என்றாள். வாடகைச் சைக்கிளின் பின்னால் அவளை மடியில் வைத்துக்கொண்டு சாலை வரைக்கும், அங்கிருந்து மினிபஸ்ஸில் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு. எத்தனை பேர் வண்டியில் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

டாக்டர் இளம் வயசு. அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து மற்றவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுக்குள்ள சோளம் வச்சிருக்கீங்களாம்மா?"

"ஆமா."

"மருந்து? மாத்திரையா? பூண்டு வாடை வந்துச்சா?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்து மீதியைச் சொல்வதற்கு முன்னாலேயே.

அது அலுமினியம் பாஸ்பைடு என்றார். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே கரைந்து ஆவியாகும், மழைத் தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். அந்த ஆவிக்குப் பெயர் பாஸ்பீன். கண்ணுக்குத் தெரியாது. துணி, சாக்கு, மண் பூச்சு, கதவிடுக்கு, எதுவும் அதை நிறுத்தாது. காற்றைவிடக் கொஞ்சம் கனம், தரைப் பக்கம் தங்கும். பாயில் படுத்திருக்கிற பிள்ளை—

"இதுக்கு மாத்து மருந்து இல்லைம்மா. முடிஞ்சதெல்லாம் செய்யறோம். இதயம் தாங்கினா பொழைச்சுக்குவா."

தாங்கவில்லை. சாயங்காலம் ஆவதற்குள்.

கூட வந்திருந்த வைசன், டாக்டர் பேசிய நேரத்தில் ஊருக்குத் தகவல் சொல்ல வெளியே போயிருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான். நாங்கள் கிளம்பும்போது டாக்டர் என்னிடம் சொல்லி அனுப்பினார்: கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள், காற்றோடி முடிகிற வரைக்கும் யாரும் உள்ளே நிற்கக் கூடாது, மாத்திரைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூட்டையை வெளியே தள்ளும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போய் வாருங்கள்.

அவளை ஏற்றி வந்த வண்டியில் வைசனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "வீட்டுக்குப் போனதும் மூட்டையை எல்லாம் வெளியே எடுத்துடுங்க." ஏன் என்று அவர் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். கேட்காததிலேயே அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

துக்கத்துக்கு வந்த ஜனங்களுக்குக் களி கிண்ட ஃபோஸ்டினோ அண்ணன் தன் வீட்டுச் சோளத்தைக் கொண்டு வந்து கொட்டினார். வைசனின் அண்ணன். குழிக்குள் இறங்கி அவளை வாங்கி வைத்தவரும் அவர்தான். அப்போது அவர் அழுத அழுகை—

போதும்.

ஃபிப்ரவரி 3, சனி

ஊர் கேட்கிறது: ஒரு பகலில் தெளிந்த பிள்ளை மறுநாள் எப்படிச் சாகும்? தெளிந்ததுக்கும் செத்ததுக்கும் நடுவில் என்ன தின்றாள்?

நாம்வாலே அம்மாவின் மண்டாசி.

ஃபிப்ரவரி 8, வியாழன்

மில்லில் நான் போனதும் பேச்சு நிற்கிறது. மேகி மட்டும் பக்கத்தில் வந்தாள். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. ஃபோஸ்டினோ விட மாட்டாரு. அந்தக் கிழவி மண்டாசியில என்ன கலந்தாளோ, அதைக் கக்க வைக்காம ஓய மாட்டாரு."

"அவ எதுக்குக் கலக்கணும், மேகி?"

"சூனியக்காரிக்குக் காரணம் வேணுமா? வாய்க்கா வரப்புல ஃபோஸ்டினோகூடச் சண்டை போட்டாள்ல? அவரைத் தொட முடியலை, தம்பி மகளைத் தொட்டுட்டா."

நாம்வாலே அம்மாவிடம் இப்போது யாரும் மண்டாசி வாங்குவதில்லை. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். இன்று வேலி ஓரம் நின்று என்னையே பார்த்தாள். நான் குனிந்துகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். ஏன் குனிந்தேன்? நான் ஏன் குனிய வேண்டும்? எனக்குத்தான் தெரியுமே.

தெரிவதால்தான்.

ஃபிப்ரவரி 12, திங்கள்

நேற்று பையன்கள் அவள் வீட்டில் கல் எறிந்திருக்கிறார்கள். கூரைத் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நெற்றியில் காயத்தோடு கோயிலில் போய் ஒளிந்திருக்கிறாளாம். சனிக்கிழமை ஊர்த் தலைவி முன்னால் கூட்டம். ஃபோஸ்டினோ அண்ணன் எங்கிருந்தோ சூனியம் எடுக்கிற ஆளைக் கூட்டி வருகிறார். போன வருடம் மலைக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் ஒரு கூட்டம் கூட்டி, கடைசியில் ஒரு கிழவரை அடித்தே கொன்றார்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

வைசனிடம் கேட்டுவிட்டேன். இத்தனை நாளில் முதல் தடவை.

"நீங்க போய்ச் சொல்லுங்க. உங்க அண்ணன்கிட்டயாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"அந்த மருந்தைப் பத்தி."

இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "என் கையால முடிச்சேன், எஸ்னாத். அவிழ்ந்துடக் கூடாதுன்னு இறுக்கி முடிச்சேன். துவாரத்தை அடைச்சேன். இதைச் சொன்னா அப்புறம் இந்த ஊர்ல என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"சொல்லலைன்னா அவளைக் கொன்னுடுவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

எழுந்து வெளியே போனார். அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒன்று மட்டும் நினைத்துக்கொண்டேன்: நான் வாயைத் திறந்தால் புருஷனை இழப்பேன். திறக்காவிட்டால் என் பிள்ளை பெயரால் ஒருத்தி சாவாள். அவளுடைய பெயரை அப்புறம் நான் எப்படிச் சொல்வேன்?

ஃபிப்ரவரி 17, சனி

சொல்லிவிட்டேன்.

ஊரே கூடியிருந்தது. தலைவி நாற்காலியில். நாம்வாலே அம்மா நடுவில் தரையில், காலை நீட்டி, நெற்றியில் துணிக்கட்டு. சூனியம் எடுக்கிற ஆள் கண்ணாடித் துண்டையும் மாட்டு வாலையும் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. எழுந்து நின்றேன்.

"என் பிள்ளை செத்தது மண்டாசியால இல்லை. எங்க வீட்டுச் சோளத்துக்கு வச்ச மருந்தால. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. மாத்திரையிலேருந்து ஆவி வரும். மூடின அறையில அதுதான் பிள்ளையை—"



ஃபோஸ்டினோ அண்ணன் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா? கிழவி இவளையும் மயக்கிட்டா! ஏம்மா, அந்த ஆவியை நீ பாத்தியா?"

"பாக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாது. கதவு பூட்டியிருந்தாலும் உள்ள வரும். தூங்கற பிள்ளையைக் கொல்லும். அடி போடி! இதைத்தானே நாங்க சூனியம்ங்கறோம்!"

கூட்டம் சிரித்தது. என் பிள்ளையின் சாவைப் பேசும்போது சிரித்தார்கள்.  அப்புறம் நான் பேசியது கூட்டத்துப் பேச்சா தெருச்சண்டையா தெரியாது. "சிரிங்க! நல்லா சிரிங்க! உங்க வீட்டுலயும் மூட்டை உள்ளதானே கிடக்கு? சந்தையில வாங்கின மாத்திரையை வச்சிட்டு அது பக்கத்துலயே பாய் விரிக்கிறீங்கல்ல? காலையில தலை வலிக்குதா இல்லையா? கோழி செத்துச்சா இல்லையா? யார் யார் வீட்டுல செத்துச்சு, சொல்லுங்க! அதுக்கும் இவதான் மண்டாசி போட்டாளா?"

சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாக, "எங்க வீட்டுப் பூனை…" என்றாள். யாரோ அவளை அடக்கினார்கள்.

தலைவி குனிந்து கேட்டார். "யாரும்மா அந்த மருந்தை வச்சது?"

"நாங்க வச்சோம்."

"நாங்கன்னா யாரு?"

 அதை மட்டும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் பக்கத்தில் வைசன் எழுந்தார். எல்லாத் தலையும் திரும்பியது. ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல், உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில் வழி கேட்டுக் கேட்டு வெளியே நடந்து போனார்.

ஃபோஸ்டினோ அண்ணன் தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார், கூரை மரம் முறிந்த மாதிரி.

சூனியம் எடுக்கிற ஆளைத் தலைவி மூட்டை கட்டச் சொன்னார். "இந்தம்மா மேல இனி யாராவது கை வச்சா போலீசுக்கு நானே நடந்து போவேன்."

ஃபிப்ரவரி 18, ஞாயிறு

வைசன் வீட்டுக்கு வரவில்லை. ஏரிக்கரைக்கு மீன் ஏற்றப்போகிற லாரியில் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

ஃபிப்ரவரி 21, புதன்

நாம்வாலே அம்மா மூட்டை முடிச்சோடு நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். தம்பி வீட்டுக்குப் போகிறாளாம், இங்கே இனி இருக்கப்போவதில்லை.

"போகாதீங்கம்மா. கூரைக்குத் தகடு நான் பாத்துத் தரேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. "நீ பேசினதாலதான் உசிரோட இருக்கேன் பொண்ணே. அதை மறக்க மாட்டேன். ஆனா ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே உனக்குத் தெரியும்ல? என் நெத்தியில கல்லு விழற வரைக்கும் எதுக்குக் காத்திருந்தே?"

அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்கக் கை கொடுத்தேன். 

கொஞ்ச தூரம் போய் நின்றாள். "நல்ல பொண்ணு அவ. என்னைச் சிரிக்க வச்சவ இந்த ஊர்ல அவ ஒருத்திதான்." போய்விட்டாள்.

மார்ச் 6, செவ்வாய்

மிஞ்சின மாத்திரைகள் கழிவறைக் கூரை இடுக்கில், அதே செய்தித்தாளில் இருந்தன. லிம்பானி ஏற ஆரம்பித்துவிட்டான். பயமாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, முதுகில் காற்றுப் படும்படி நின்று, உலர்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்தேன். காய்ந்த தகரத்தில் போட்டு, சைக்கிள் பின்னால் கட்டி விவசாய அலுவலரிடம் கொண்டுபோனேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "உள்ள கொண்டு வராதீங்க! வெளிய, வெளிய!"

வெளியே மரத்தடியில் வைத்து அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

இது இறுக்கி மூடின குப்பியில், பெயர் எழுதி, பயிற்சி எடுத்த ஆட்களுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து. குப்பியைத் திறந்த நொடியிலிருந்து அது ஆவியாக ஆரம்பிக்கும். திறந்தவெளியில்தான் திறக்க வேண்டும். மனிதர்களோ ஆடு கோழியோ தங்காத தனிக் கிடங்கில், தார்ப்பாயால் மூடி ஓரமெல்லாம் மண் அணைத்து, ஆள் நுழையாதபடி பூட்டிச் சிவப்பாக எழுதி வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கிடக்க வேண்டும். பிறகு திறந்துவிட்டு நன்றாகக் காற்றோடின பின்தான் நுழையலாம். மிஞ்சுகிற சாம்பலைத் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும், கிணறு பக்கம் ஆகாது. தண்ணீர் ஊற்றினால் தீப்பிடிக்கவும் செய்யும்.

"மூக்குல ஈரத் துணி கட்டிக்கிட்டா?"

"ஒண்ணும் ஆகாது. துணியை அது மதிக்காது. வாடை வரலைன்னா ஆபத்து இல்லைன்னும் நினைக்காதீங்க. கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போகும்."

வீட்டில் சோளம் வைக்கிறவர்களுக்கு இந்த மருந்தே வேண்டாம் என்றார். நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத மூன்றடுக்குப் பையில் கட்டினால் வண்டு தானாக மூச்சு முட்டிச் சாகுமாம்.

"இதை ஏன் சார் ஊருக்குள்ள வந்து யாரும் சொல்லலை?"

 "எனக்கு இருபது ஊருக்கு மேல. மோட்டார் சைக்கிள்ல பெட்ரோல் இருக்கிறப்போ வரேன்" என்றார். பொய் சொல்லவில்லை, வெட்கப்பட்டார்.

மார்ச் 22, வியாழன்

ஏரிக்கரை ஊரான மங்கோச்சியிலிருந்து வந்த மினிபஸ்காரன் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனான். உசிப்பா என்கிற பொடிமீன் கருவாடு. ஒரு வார்த்தை இல்லை.

லிம்பானி, "அப்பா மீனா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 14, சனி

ஃபோஸ்டினோ அண்ணன் காலையில் வந்து சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வயலில் கதிர் ஒடிக்க ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே போனேன். வெயில் ஏறும் வரை இரண்டு பேருமாக ஒடித்தோம். தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு சொன்னார்: "யாரையாவது அடிச்சா அழுகை நிக்கும்னு நினைச்சேன் எஸ்னாத்."

"நின்னுதா?"

தலையை ஆட்டினார். இல்லை.

நாம்வாலே அம்மா இப்போது இருக்கிற ஊருக்கு அவரே ஒரு கூரைத் தகட்டுக் கட்டோடு போய் வந்தாராம். அவள் வாங்க மறுத்துவிட்டாள்.

மே 20, ஞாயிறு

வைசன் வந்தார். கறுத்து, வற்றி, தாடியோடு. லிம்பானி முதலில் என் பின்னால் ஒளிந்தான், பிறகு போய் ஒட்டிக்கொண்டான். நான் "வாங்க" என்று சொன்னேன், அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்குள் படுக்க அவருக்கு முடியவில்லை. வெளியே மாட்டுக் கொட்டகை ஓரம் பாயைப் போட்டுக்கொள்கிறார். நானும் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா என்று எனக்கே தெரியவில்லை. கூட்டத்தில் எழுந்து போன அந்த முதுகுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜூன் 7, வியாழன்

விவசாய அலுவலர் கடைசியில் வந்தார். பக்கத்து ஊர்களில் அறுவடைக்கு அப்புறம் கூட்டம் போடுகிறாராம், நான் வந்து பேச வேண்டுமாம். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

முடியாது என்றேன். ஒரு தடவை சொன்னதே போதும், ஒவ்வொரு ஊராகப் போய் அவளைப் புதைக்க என்னால் ஆகாது. அவர் வற்புறுத்தவில்லை. வைசன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி இருந்தார். அலுவலர் கிளம்பினபோது வாசல் வரைக்கும் கூடவே போனார்.

ஜூன் 28, வியாழன்

இன்று மில்லில் நல்ல கூட்டம். அறிமுகமில்லாத ஒரு பெண், மலைக்கு மேலே இருக்கிற ஊர், முதுகில் கைக்குழந்தை. தன் முறை வரும் வரை மேகியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. மேகி என்னைப் பார்த்தாள். பேச விடு என்று கண்ணால் சொன்னேன்.

"போன வாரம் எங்க ஊருக்கு ஒரு ஆளு வந்தாரு. ஒல்லியா, தாடி வச்சுக்கிட்டு. அலுவலர் பேசுறப்போ நாங்க யாரு கேட்டோம்? அவரு வாட்டுக்குப் பேசினாரு, நாங்க எங்க வாட்டுக்குப் பேசினோம். அப்புறம் இந்த ஆளு எழுந்து, 'எனக்கு ஒரு பொண்ணு இருந்தா, பேரு மயாமிக்கோ'ன்னாரு. அவ கரண்டிக்கும் பானைக்கும் வர்ணனை சொல்லுவாளாம், அதையெல்லாம் அப்படியே செஞ்சு காட்டினாரு. நாங்க சிரிச்சுட்டோம். சிரிச்சு முடிக்கல, 'அவளை நான்தான் கொன்னேன்'னுட்டாரு. அப்படியே உறைஞ்சுட்டோம். எப்படி மருந்து வச்சேன், எப்படி அடைச்சேன்னு ஒண்ணு விடாம சொன்னாரு. எங்க சித்தி இருக்காளே, அவ வாயை யாரு மூட முடியும்? எழுந்து, 'நீ எல்லாம் ஒரு அப்பனா?'ன்னு கேட்டுட்டா."

"அவரு என்ன சொன்னாரு?" மேகி கேட்டாள். 

"'அப்பன்தாம்மா. அதனாலதான் வந்திருக்கேன்'னாரு. அன்னிக்கே எங்க ஊர்ல மூட்டையெல்லாம் வெளிய வந்துடுச்சு. நானும் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், மூட்டை உள்ள இருந்தா நான் வெளிய, நான் உள்ள இருந்தா மூட்டை வெளியன்னு."

அவள் முறை வந்தது. சோளத்தை வாங்கித் தொட்டியில் கொட்டினேன். முதுகில் அந்தக் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. மாவை அள்ளி அவள் வாளியில் போட்டுத் தட்டிக் கொடுத்தேன். மாவுத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று மேகியிடம் சொன்னேன். அவள் நம்பின மாதிரி தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து களி கிண்டினேன். கருவாட்டுக் குழம்பு. வைசனுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு வழக்கம்போல உள்ளே திரும்பவில்லை. சொம்பை எடுத்துப்போய் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏரியிலிருந்து வந்த பிறகு இது முதல் தடவை. கையை நீட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் கை நீட்டியபடியே இருந்தது.

"அடுத்து எந்த ஊரு?" என்று கேட்டேன்.

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. "ம்போம்பா. ஞாயித்துக்கிழமை."

"ரொம்ப தூரமாச்சே. விடியறதுக்கு முன்னாடி எழுப்பறேன். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."